சுகர் வந்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கு

தருமபுரி மாவட்டத்தில் என்னுடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

சென்ற ஜூன் மாதம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளன்று, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதற்காக நான் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, அங்கே நின்றிருந்த எட்டுப் பேர் முன்னிலையில் ஒருவர் என்னைப் பார்த்து, “என்ன டீச்சர், சுகர் வந்துடுச்சா? இப்படி இளைச்சுட்டீங்களே!” என்று உரக்கக் கேட்டார். இன்னொருவர், “சுகரா இருக்காது சார், இப்பதான் ஊசி வந்திருக்கே, வாரம் ஒண்ணு போட்டா தானா இறங்கிடுமாம்” என்றார். மூன்றாமவர், “எதுவா இருந்தாலும் முகத்துல இருந்த களை போயிடுச்சு, முன்னாடி மகாலட்சுமி மாதிரி இருந்தீங்க” என்று வருத்தப்பட்டார். நான் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டுவிட்டு முதல் பாடவேளைக்குப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பு மனத்திலிருந்து வந்ததன்று. அன்று சொல்லாமல் விட்ட விடையை முழுமையாகச் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். யார் பெயரையும் நான் குறிப்பிடப்போவதில்லை. பள்ளியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பென்னாகரம் பக்கத்திலும் அரூர் பக்கத்திலும் பணியாற்றும் என் கல்லூரித் தோழியர் இருவரும் ஏறக்குறைய இதே சொற்களைத் தங்கள் ஓய்வறைகளில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு பள்ளியின் குறையாகவோ ஒரு மனிதரின் குறையாகவோ நான் கருதவில்லை.

முதலில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர், என் மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதற்காக மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். 2023 ஆகஸ்டில் ஒரு மாலை, “டீச்சர், நீங்களும் கையைக் கொடுங்க, பார்த்துடலாம்” என்று அவர் சொன்னபோது, விடைத்தாள் கட்டை மடியில் வைத்தபடியே கையை நீட்டினேன். இரத்த அழுத்தம் 152-க்கு 96 என்று காட்டியது. மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொண்டேன். அது 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் முன்நிலை; 6.5-ஐத் தொட்டால் நோய். அன்று என் எடை 91 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். என் அப்பா ஐம்பத்தெட்டாவது வயதில் இதே நோயால் இரண்டு கால்விரல்களை இழந்தவர். அறுபத்தொன்றாவது வயதில் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனவர். சர்க்கரை நோய் வந்ததால் நான் இளைக்கவில்லை. அது வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இளைத்தேன். “சுகரா?” என்று நீங்கள் இயல்பாகக் கேட்கும்போது, புண்ணுக்குக் கட்டுப் போட்ட என் அப்பாவின் கால்தான் என் கண்முன் வந்து நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நோயின் முன்நிலையில் இருப்பவர் நடையாலும் உணவு மாற்றத்தாலும் அந்த நோயைத் தள்ளிப்போட முடியும் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு நம் நாட்டு மக்களிடையே நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. அது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால் அப்பாவின் காலைப் பார்த்தவளுக்கு அந்த 28.5 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றவில்லை.

2023 ஆகஸ்டில் 91 கிலோவாக இருந்த நான் 2025 மே மாத இறுதியில் 67 கிலோவாக இருந்தேன். இருபத்தொரு மாதங்களில் 24 கிலோ. கணித ஆசிரியை என்பதால் இதை ஒரு கணக்காகவே உங்கள் முன் வைக்கிறேன். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் தோராயக் கணக்கு. 24-ஐ 7,700-ஆல் பெருக்கினால் 1,84,800 வருகிறது. இருபத்தொரு மாதம் என்பது ஏறத்தாழ 640 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு 289. இந்த 289 கலோரியை ஒவ்வொரு நாளும், மாதாந்திர வலி இருந்த நாளிலும், பொதுத்தேர்வுப் பணிக்குப் போன நாளிலும், மகனுக்குக் காய்ச்சல் வந்து இரவெல்லாம் விழித்திருந்த நாளிலும், திருவிழாவிலும், இழவு வீட்டிலும், யாரும் அறியாமல் நான் கழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். கிணறு வெட்டினால் அருகில் மண் குவிந்து கிடக்கும். பார்ப்பவர் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அறிந்துகொள்வார். உடல் இளைத்தால் குவியலாக எதுவும் மிஞ்சுவதில்லை. செய்த வேலைக்குச் சான்றாக எஞ்சுவது, இருந்த ஒன்று இல்லாமல் போயிருப்பது மட்டுமே. அதனால்தான் அது தானாக நடந்துவிட்டதுபோல் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

அந்த 289 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் எப்போதும் அளவாகத்தான் உண்கிறேன் என்று உறுதியாக நம்பியிருந்தவள். சமையலறைக்கு ஒரு சிறிய மின்தராசு வாங்கி, வழக்கமாகத் தட்டில் போட்டுக்கொள்ளும் சோற்றை முதன்முதலாக நிறுத்துப் பார்த்தபோது 420 கிராம் இருந்தது. குழம்பும் பொரியலும் சேர்க்காமலே அது 500 கலோரிக்கு மேல். ஓய்வறையிலும் வீட்டிலுமாக நாளொன்றுக்கு நான்கு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம், அதாவது 160 கலோரி. தாளிக்கும்போது கண்ணளவாக ஊற்றிய கடலை எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி. இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிர்ச்சியளித்தது வேறொன்று. பிள்ளைகள் தட்டில் மீந்த அரைத் தோசையையும் கடைசி இரண்டு வாய்ச் சோற்றையும் வீணாக்கக் கூடாதென்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதை நான் உண்பதாகவே கணக்கில் வைத்திருக்கவில்லை. அதையும் ஒரு வாரம் நிறுத்து எழுதினேன். நம் வீடுகளில் பெரும்பாலான தாய்மார்கள் இப்படி ஒரு நான்காம் வேளையை நின்றுகொண்டே உண்கிறார்கள்.

“களி தின்னா தானா இளைச்சிடும் டீச்சர், நம்ம ஊர்ல இல்லாத கேழ்வரகா?” என்று சொன்னவர்களும் உண்டு. இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். கேழ்வரகு நம் மேட்டு நிலத்தின் உணவு என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 2023-இல் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும்தான் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது. அதன் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியில் அந்த அளவுக்குக் கிடைக்காதவை. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 320 கலோரியும் 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும் இருக்கின்றன. பெரிய வேறுபாடு இல்லை. என் தாத்தா மூன்று உருண்டை களியும் அவரைக்காய்க் குழம்பும் உண்டுவிட்டு ஏர் பிடித்தார். நான் இரண்டு உருண்டை உண்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்து எமிஸ் என்னும் பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றினேன். களி என்னை இளைக்கவைக்கவில்லை. களியை ஒரு உருண்டையாகக் குறைத்து, அதன் பக்கத்தில் கீரைக் கடைசலையும் கொள்ளையும் கூட்டிக்கொண்டு, மூன்றரை மணிக்கு வயிறு கூப்பிடும்போது பாடக்குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பசியைக் கடந்த அந்த நேரம்தான் இளைக்கவைத்தது. முதல் இரண்டு மாதங்கள் அந்த மூன்றரை மணிப் பசியால் எனக்குக் கோபம் வந்தது; எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் காரணமில்லாமல் கடிந்துகொண்டேன். மறுநாள் அவர்களிடம் வருத்தம் தெரிவித்தேன்.

உணவைக் குறைப்பதைக் காட்டிலும் கடினமாக இருந்தது, அன்போடு நீட்டப்படும் உணவை மறுப்பதுதான். என் தாய்வீடு காவேரிப்பட்டணத்துக்கு அருகில் இருக்கிறது. மே மாதம் வந்தால் அண்ணன் தோட்டத்திலிருந்து செந்தூராவும் மல்கோவாவும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். என் அம்மா ஒப்பட்டு (போளி) சுட்டு, நெய்யைத் தடவி, எனக்கென்று ஆறு தனியாக எடுத்து வைத்திருப்பார். 2024 மே மாதம் நான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திரும்பக் கொடுத்தபோது, “என் கையால செஞ்சது உனக்கு வேண்டாததாப் போச்சா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதார். இளமையில் கூழுக்கே காத்திருந்த அவர், பிள்ளை வயிறாரத் தின்பதைப் பார்ப்பதில் தன் வாழ்வின் வெற்றியைக் கண்டவர். அவருக்குப் புரியவைக்க ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓர் ஆண்டும் என் 24 கிலோக் கணக்கில் சேர்ந்ததுதான். தராசு அதைக் காட்டாது.

நடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் 4 அன்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். எங்கள் ஊரில் நடைபாதை கிடையாது. தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு சந்தைக்கு விரையும் வண்டிகள் செல்லும் சாலையின் ஓரம்தான் எனக்கு நடைபாதை. ஐந்தரை மணிக்குள் வீடு திரும்பினால்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் சமைத்து வைத்துவிட்டு எட்டேகால் பேருந்தைப் பிடிக்க முடியும். ஆகவே நாலரை மணிக்கு இருட்டில் இறங்க வேண்டும். நாய்களுக்காகக் கையில் ஒரு கம்பு, லாரிக்காரர் கண்ணில் படுவதற்காக வெளிர் நிறத் துப்பட்டா. வேகத்தைக் குறைத்து உடன் வந்து முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போகும் இருசக்கர வாகனங்களுக்காக முதல் ஒன்றரை மாதம் என் கணவர் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். “விடியறதுக்கு முன்னாடி பொம்பளைக்கு ரோட்டுல என்ன வேலை?” என்று திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார். மார்கழிப் பனியில் மூக்கு அடைத்துக்கொள்ளும். சித்திரையில் அந்த நேரத்திலும் வியர்வை வழியும். ஒரு கிலோமீட்டர் நடையில் செலவாவது 50 முதல் 70 கலோரிதான். நான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு இடைவேளையில் நீங்கள் அன்போடு நீட்டும் இரண்டு போண்டாக்களை உண்டால், அந்த இருட்டும் கம்பும் நாய்ப் பயமும் கணக்கில் அனேகமாகச் சமனாகிப் போய்விடும். “ஒரே ஒரு போண்டால என்ன ஆகிடப் போகுது?” என்று கேட்கும்போது இதை நினைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எடை நேர்கோட்டில் இறங்கவில்லை. 78 கிலோவில் வந்து நின்று நான்கு மாதங்கள் அசையவே இல்லை. அதே உணவு, அதே நடை, தராசில் அதே எண். “டயட்னு சொல்றாங்க, ஒண்ணும் குறையலையே” என்று என் காதில் விழும்படி ஒருவர் சொன்னது அந்த நான்கு மாதங்களில்தான். எடை குறைந்தால் அந்தச் சிறிய உடலை நடத்த முன்பைவிடக் குறைந்த ஆற்றலே போதும் என்பதையும், உடல் அதற்கும் மேலே சிக்கனம் பிடிக்கத் தொடங்கும் என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டது அப்போதுதான். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடை குறைத்த பதினான்கு பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றல், அந்த உடலுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கடந்த பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைவாகவும் இருந்தன. அவர்கள் உணர்ந்த பசியும் குறையவில்லை. இளைத்தவர் ஒவ்வொரு நாளும் தம் உடலின் இழுப்பை எதிர்த்தே நின்றுகொண்டிருக்கிறார். “பாருங்க, ஆறு மாசத்துல திரும்ப ஏறிடும்” என்று நீங்கள் சொல்வது, கயிறு இழுக்கும் போட்டியில் மறுபக்கம் போய்க் கைகொடுப்பதற்கு ஒப்பாகும். எனக்கு வேலை மே மாதத்தோடு முடிந்துவிடவில்லை. இன்று காலையும் நாலரை மணிக்கு இறங்கினேன்.

ஊசியைப் பற்றி ஒரு சொல். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்னும் எடை குறைக்கும் ஊசி நம் நாட்டுக்கு வந்தபின் இளைத்தவர் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டவர் என்ற பேச்சு பரவியிருக்கிறது. நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதைச் சொல்லி என்னை உயர்த்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வேறு ஊரில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் மருத்துவர் சொல்லி அந்த வகை ஊசியைப் போட்டுக்கொள்கிறார், குமட்டலோடு வகுப்பெடுக்கிறார், பேச்சுக்கு அஞ்சி அதை ஒளித்து வைத்திருக்கிறார். அதே வகையைச் சேர்ந்த செமகுளூட்டைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதாக 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை யாரும் குறுக்கு வழியில் போனவர் என்று சொல்வதில்லை. இதையும் அப்படியே ஒரு மருத்துவமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

“உங்களுக்கு என்ன டீச்சர், நேரம் இருக்கு, வசதி இருக்கு” என்ற சொல்லில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாதச் சம்பளம் வருகிறது, தராசும் காலணியும் வாங்க முடிந்தது, பின்னால் வண்டி உருட்டிய கணவர் வாய்த்தார், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சந்தையில் கூடை தூக்கும் பெண்ணிடமோ, கைக்குழந்தையோடு பேருந்து மாறி மாறிப் பணிக்கு வரும் இளம் ஆசிரியையிடமோ நாலரை மணிக்கு எழுந்து நட என்று சொல்ல எனக்கு வாய் வராது. குறையாத எடையைச் சோம்பலின் அடையாளமாகப் பார்ப்பதும் அதே காரணத்தால் தவறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9 விழுக்காடு. இடைப்பட்ட சில ஆண்டுகளில் இத்தனை பெண்கள் ஒன்றுசேர்ந்து சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. இந்தியர்களுக்கு வகுத்த அளவுகோலின்படி உடல் நிறை எண் (கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 25-ஐத் தாண்டினாலே பருமன்தான். இவ்வளவுக்குப் பிறகும் என்னுடையது 27.5. நானும் இன்னும் அந்தக் கணக்கில் இருப்பவளே. ஆனால் முதல் மாடியில் இருக்கும் பத்தாம் வகுப்புக்கு இருபத்திரண்டு படிகளை நிற்காமல் ஏறுகிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு படியிலும் 96 கிலோவை நான் இறக்கி வைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்கு நம் ஊரின் ஃபுளோரைடு தண்ணீர் மட்டுமே காரணம் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அண்மைப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.5, இரத்த அழுத்தம் 126-க்கு 82.

ஆசிரியர்களாகிய உங்களுக்கே இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காலாண்டில் பதினேழு மதிப்பெண் வாங்கிய மெல்லக் கற்கும் மாணவனை மாலை வகுப்பில் அமரவைத்து, வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கி, பசித்தவனுக்கு நம் கைக்காசில் சுண்டல் வாங்கிக் கொடுத்து, பொதுத்தேர்வில் அவனை ஐம்பத்திரண்டு வாங்கவைக்கிறோம். முடிவு வந்த அன்று வெளியார் ஒருவர், “இந்த வருஷம் பேப்பர் ஈசியாமே” என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கிறது? “தருமபுரியில யாரும் படிச்சு பாஸாகறாங்களா, எல்லாம் பார்த்து எழுதறதுதான்” என்று வெளிமாவட்டத்துக்காரர் ஒருவர் சொன்னதைப் பயிற்சி முகாமில் கேட்டுவிட்டு வந்து, நம் ஓய்வறையே ஒரு வாரம் கொதித்தது நினைவிருக்கிறதா? அந்தக் கொதிப்பு நியாயமானது. ஓராண்டு உழைப்பை ஒரு வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டார் என்பதற்காகக் கொதித்தோம். “சுகரா”, “ஊசியா”, “தானா இறங்கிடுச்சா” என்ற மூன்றும் எனக்கு அந்த ஒரு வரியாகவே கேட்கின்றன.

என் ஒருத்தியின் மனக்குறையாக மட்டும் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். என்னைப் பார்த்து ஓர் இளம் ஆசிரியை ஜூலையில் தொடங்கினார். வேகவைத்த கொண்டைக்கடலையும் வெள்ளரியும் கீரையுமாக ஒரு டப்பா கொண்டுவருவார். முதல் வாரம் அதைத் திறந்தபோது, “இது ஆட்டுக்கு வெச்ச தீனியா டீச்சர்?” என்ற கேள்வியும், “கல்யாணத்துக்கு ரெடியாகறீங்களா?” என்ற கேள்வியும் வந்தன; எல்லாரும் சிரித்தோம், நானும் தடுக்கவில்லை. செப்டம்பரில் அவர் மதிய வேளையில் ஓய்வறைக்கு வருவதை நிறுத்திவிட்டு அறிவியல் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உண்ணத் தொடங்கினார். தீபாவளிக்குப் பிறகு டப்பாவே வரவில்லை. கேட்டபோது, “விடுங்க அக்கா, பேச்சு கேட்க முடியல” என்றார். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது.

நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். “டேய் குண்டா, எழுந்திரு”, “ஏம்மா, உங்க வீட்ல சோறே போடறதில்லையா, ஊதினா பறந்துடுவ போலிருக்கே” என்று வகுப்பில் நாமே சொல்கிறோம். கண்டிப்பதற்காகச் சொல்வதில்லை, உரிமையோடு சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். நான் சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வாரமாகச் சத்துணவையும் வீட்டு உணவையும் தவிர்த்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். என்னைப்போல் இளைக்க விரும்பியதாகச் சொன்னாள். நான் என்னென்ன உண்கிறேன் என்பதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. இளைத்ததை மட்டுமே அவள் பார்த்திருக்கிறாள். வளரும் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று அன்று மாலை அவளோடும் அவள் தாயோடும் நெடுநேரம் பேசினேன். உழைப்பை மறைத்து முடிவை மட்டும் பேசினால் பிள்ளைகளுக்குப் போய்ச்சேர்வது இப்படித்தான் இருக்கும்.

அக்கறையால் கேட்கிறீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரையால் காரணமின்றி எடை இறங்குவதும் உண்மை. ஒருவர் திடீரென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி எழுந்து போவதைக் கண்டால் கேட்கத்தான் வேண்டும். அதைத் தனியே அழைத்து, மரத்தடியில் நின்று, “உடம்பு நல்லா இருக்கீங்களா?” என்று கேளுங்கள், பதிவேட்டு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். எடை குறைந்தவரிடம் எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டால், முழு விடையையும் கேட்கும் நேரத்தோடு கேளுங்கள். சொல்வதற்கு ஒன்றும் தோன்றாவிட்டால், அன்றைய பாடத்தைப் பற்றியோ பேருந்து வராததைப் பற்றியோ பேசுங்கள். உடலைப் பற்றி எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

வரும் திங்கட்கிழமை மதியம் ஆய்வகத்துக்கு நானே சென்று அந்த இளம் ஆசிரியையை ஓய்வறைக்கு அழைத்துவரப் போகிறேன். மறுபடியும் டப்பா கொண்டுவருமாறு அவரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்; தயக்கத்தோடு சரி என்றிருக்கிறார். சன்னலோரம் என் பக்கத்து நாற்காலியை அவருக்காக விட்டுவையுங்கள். அவர் டப்பாவைத் திறக்கும்போது நீங்கள் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவே போதும்.

இப்படிக்கு,
உங்களுள் ஒருத்தியாகிய கணித ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.